ஊர்ப் பணமும் ஊர் விளக்கும்

வறட்சி நீண்டு நீர்மட்டம் தாழும் காலங்களில் கொத்மலை நீர்த்தேக்கத்தின் நடுவே ஒரு காட்சி தோன்றுவதுண்டு. நீருள் அமிழ்ந்து கிடந்த கடதொர விகாரையின் தூண்களும் சிதைந்த சுவர்களும் மெல்ல மெல்ல வெளியே தலைகாட்டும். அயலூரிலிருந்து மக்கள் வந்து கரையில் நின்று பார்ப்பர். அங்கே பிறந்து வளர்ந்த முதியோர், இன்ன இடத்தில் இன்னாருடைய வீடு இருந்தது, இன்ன இடத்தில் வயல் இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டுவர். மழை வந்ததும் நீர் உயரும், தூண்கள் மறையும், மின்னாக்கி வேகமாகச் சுழலும்.

மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் ஓர் அங்கமாக, சுவீடன் நாட்டின் உதவியோடு கொத்மலை அணைக்கட்டு கட்டப்பட்டது. 1979ஆம் ஆண்டில் தொடங்கிய வேலையின் பயனாக 1985இல் மின் உற்பத்தி ஆரம்பமாயிற்று. நிலத்தடியில் அமைந்த அந்நிலையத்தின் ஆற்றல் 201 மெகாவாற்று. அதற்கு மேலே, தலவாக்கலையில், யப்பானியக் கடனுதவியோடு அமைந்த மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. அதன் ஆற்றல் 150 மெகாவாற்று. முதல் திட்டத்துக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தம் ஊரை விட்டுப் பெயர்ந்தன. இரண்டாவது திட்டத்துக்காகத் தலவாக்கலையில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம் மாறின. சென்கிளயர் நீர்வீழ்ச்சியின் இயல்பான பெருக்கும் குன்றியது. ஒரே ஆற்றுப் பள்ளத்தாக்கு நாட்டின் விளக்குக்காக இருமுறை விலை கொடுத்துள்ளது.

விளக்கின் அடியில் இருட்டு என்று ஒரு பழமொழி உண்டு. தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் வந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரே, அத்தொழிற்சாலைகளுக்குக் கொழுந்து கொடுத்த மக்கள் வாழும் லயன் அறைகளுட் பெரும்பாலானவற்றுக்கு அது வந்தது. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கின் புகையில் பாடம் படித்த தலைமுறையினர் இன்னும் மலையகத்தில் இருக்கின்றனர். இந்நிலையில்தான், உள்ளூராட்சி மன்றங்கள் பசுமை மின்சாரத்துக்குப் பணம் செலவிடுவது தகுமா என்னும் கேள்வி எழுகின்றது. நீர், வெயில், காற்று ஆகியவற்றிலிருந்து, எரிபொருளை எரிக்காமல், பெறப்படும் மின்சாரமே பசுமை மின்சாரம் எனப்படுவது. இக்கேள்வியைக் கொழும்பிலோ பிற நாட்டிலோ எழுப்புவது வேறு. கொத்மலையில் எழுப்புவது வேறு.

பிரதேச சபையின் பணப்பெட்டி பெரியதன்று. பாதை செப்பனிட வேண்டும். வடிகால் வெட்ட வேண்டும். குடிநீர்க் குழாய் பழுதுபார்க்க வேண்டும். குப்பை அகற்ற வேண்டும். நூலகமும் சந்தையும் மயானமும் பராமரிக்க வேண்டும். இவை யாவும் அரைகுறையாகக் கிடக்கும்போது, கூரையில் சூரியத் தகடு பதிப்பதற்குப் பணம் எங்கே என்று கேட்பவர் அறியாமையால் கேட்கவில்லை. மின்சாரம் உண்டாக்குவது நாட்டின் பொறுப்பு, ஊரின் பொறுப்பன்று என்பதும் அவர்கள் வாதம். மறுபக்கத்தில், எரிபொருளுக்கு வெளிநாட்டை நம்பியிருந்த நாடு 2022ஆம் ஆண்டில் பட்ட பாட்டை யாரும் மறந்துவிடவில்லை. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. ஆகஸ்டு மாதத்தில் மின்கட்டணம் சராசரி நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தது. மிகக் குறைவாக மின்சாரம் பாவித்த ஏழை வீடுகளின் கட்டணமே விகிதப்படி மிகவும் கூடிற்று. பின்னர் கட்டணம் குறைந்ததும் மீண்டும் கூடியதும் உண்டாயினும், அந்த அனுபவம் ஒரு பாடத்தைக் கற்பித்தது. தன் விளக்குக்குத் தானே ஒரு துளி எண்ணெயாவது வார்த்துக்கொள்ளும் ஊர், நெருக்கடியில் முற்றாக இருளில் மூழ்காது என்பதே அப்பாடம்.

இரு வாதங்களிலும் உண்மை இருக்கின்றது. எனவே எது சரி என்று பொதுவாகத் தீர்ப்பளிப்பதைவிட, எந்தச் செலவு பயன் தந்தது, எந்தச் செலவு வீணாயிற்று என்று நடந்தவற்றிலிருந்து அறிந்துகொள்வதே முறை. அதற்கான சான்றுகளைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. மலையகத்தின் சொந்த வரலாற்றிலேயே அவை நிறைய உள்ளன.

இலங்கையின் நீர்மின்சாரம் ஒரு சிறிய நகரின் தேவைக்காகவே முதலிற் பிறந்தது எனலாம். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னுமிடத்தில், 1912ஆம் ஆண்டில், நுவரெலியா நகருக்கு ஒளியூட்டுவதற்காக ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்தார். நாடு முழுவதையும் நீரினாலேயே ஒளிரச் செய்யலாம் என்று அவர் 1918இல் பொறியியலாளர் சங்கத்தின் முன் கட்டுரை படித்தார். அவர் கனவு கண்ட இலக்சபானாத் திட்டம் 1924இல் தொடங்கி, இடையில் நின்று, 1950இல்தான் நிறைவேறியது. பெரிய கனவு நிறைவேறக் கால் நூற்றாண்டுக்கு மேல் சென்றது. சிறிய நிலையமோ அதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே ஒரு நகரின் தெருவில் விளக்கேற்றிவிட்டது.

அதே காலத்தில் தேயிலைத் தோட்டங்களும் தத்தம் ஓடைகளை மறித்துச் சிறு சுழலிகளை ஓட்டின. கொழுந்தை வாட்டும் விசிறிகளும், அரைக்கும் உருளைகளும் அந்த நீரின் வலிமையால் இயங்கின. இத்தகைய நிலையங்கள் மலைநாட்டில் நூற்றுக்கணக்கில் இருந்தன. தேசிய மின்கம்பி மலையேறி வந்து மலிவாக மின்சாரம் கொடுக்கத் தொடங்கியதும் அவை ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 1972க்கும் 1975க்கும் இடையில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், எஞ்சியவற்றையும் கவனிப்பார் குறைந்தனர். வாய்க்கால்கள் தூர்ந்தன, குழாய்கள் துருப்பிடித்தன. தண்ணீர் மட்டும் முன்போலவே ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளூராட்சி மன்றங்களின் கதை இன்னும் நேரடியான படிப்பினையைத் தருவது. ஒரு காலத்தில் இலங்கையின் மாநகர சபைகளும் நகர சபைகளும் பிற உள்ளூர் மன்றங்களும் மின்சாரத்தை மொத்தமாக வாங்கித் தம் எல்லைக்குள் மக்களுக்கு விற்றுவந்தன. மின்சாரத்தால் வந்த வருமானம் பல மன்றங்களில் வேறு செலவுகளுக்குப் போயிற்று. கம்பியும் கம்பமும் மின்மாற்றியும் பழுதடைந்தபோது மாற்றுவதற்குப் பணம் இல்லாது போயிற்று. வழியிலே மின்னிழப்பு மிகுந்தது. வாங்கிய மின்சாரத்துக்குக் கொடுக்கவேண்டிய கடனும் ஏறியது. இந்நிலையைச் சீர்செய்யவே 1983ஆம் ஆண்டில் லங்கா மின்சாரக் கம்பனி அமைக்கப்பட்டு, மேல்மாகாணத்திலும் தென்கரையோரத்திலும் பல மன்றங்களின் விநியோகப் பணியை ஏற்றுக்கொண்டது. அம்மன்றங்கள் மின்சாரத் துறையில் இறங்கியது பிழையன்று. வருமானத்தை எடுத்துக்கொண்டு பராமரிப்பை மறந்ததே பிழை. மாட்டைக் கறந்தவர் மாட்டுக்குப் புல்லிடவில்லை.

மூன்றாவது படிப்பினை கிராமங்களிலிருந்து வருகின்றது. 1990களிலே, மின்கம்பி எட்டாத மலைக்கிராமங்களில் மக்கள் மின்பாவனையாளர் சங்கங்களை அமைத்தனர். தொண்டு நிறுவனங்களின் தொழில்நுட்ப உதவியும், பின்னர் உலக வங்கியின் ஆதரவுடன் அமைந்த கடன் திட்டங்களும் அவர்களுக்குக் கைகொடுத்தன. சப்பிரகமுவ, ஊவா போன்ற மாகாணங்களின் சபைகள் பொதுப்பணத்திலிருந்து உதவித்தொகை வழங்கின. மக்கள் சிரமதானமாக வாய்க்கால் வெட்டினர், குழாய் சுமந்தனர். இவ்வாறு இருநூறுக்கும் மேற்பட்ட கிராமிய நீர்மின் திட்டங்கள் எழுந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைத்தது சில விளக்குகளுக்கும் ஒரு வானொலிக்கும் ஒரு தொலைக்காட்சிக்கும் போதிய அளவே. ஆயினும் அது பலரும் பார்த்திராத வெளிச்சம்.

பின்னர் தேசிய மின்கம்பி அக்கிராமங்களுக்கும் வந்து சேர்ந்தது. எல்லா வேளையிலும் எவ்வளவு வேண்டுமானாலும் தரும் மின்சாரம் வாசலில் நிற்கும்போது, மாதச் சந்தா கொடுத்து, மாதமொருமுறை வாய்க்கால் துப்புரவு செய்ய யார் முன்வருவர்? சங்கங்கள் பல கலைந்தன. சுழலிகள் பல நின்றன. இச்செலவு வீணாயிற்றா என்றால், முற்றாக வீணாயிற்று என்று சொல்வதற்கில்லை. பல ஆண்டுகள் அவ்வீட்டுப் பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்தனர். ஆனால், நாளை தேசியக் கம்பி வந்தால் இந்தச் சுழலியை அதனோடு இணைக்கலாமா, உண்டாகும் மின்சாரத்தை விற்கலாமா என்ற கேள்வி தொடக்கத்திலேயே கேட்கப்பட்டிருந்தால், நின்றுபோன சுழலிகளிற் சில இன்றும் ஊருக்கு வருமானம் தந்துகொண்டிருக்கும்.

இனி, கடல் கடந்து தமிழ்நாட்டுக்குச் செல்வோமாயின், இக்கேள்விக்கு மிகவும் பொருத்தமான ஓர் எடுத்துக்காட்டு அங்கே உள்ளது. கோயம்புத்தூர் மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்து, ஓடந்துறை என்னும் ஊராட்சி இருக்கின்றது. 1996 முதல் பத்து ஆண்டுகள் அதன் தலைவராயிருந்த ஆர். சண்முகத்தின் காலத்தில் குடிநீர் விநியோகமும் தெருவிளக்கும் விரிவடைந்தன. அவற்றோடு மின்கட்டணமும் ஏறியது. கட்டணத்தைக் குறைக்க வழி தேடிய ஊராட்சி, 2006ஆம் ஆண்டில் 350 கிலோவாற்று ஆற்றலுள்ள காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. விலை ஏறத்தாழ ஒரு கோடியே ஐம்பத்தைந்து இலட்சம் ரூபாய். ஊராட்சியின் சேமிப்பிலிருந்து நாற்பது இலட்சமும், வங்கிக் கடனாக ஒரு கோடியே பதினைந்து இலட்சமும் திரட்டப்பட்டன. காற்றாலை ஆண்டுக்கு ஏறக்குறைய ஆறேமுக்கால் இலட்சம் அலகு மின்சாரத்தை உண்டாக்கியது. ஊரின் தேவைக்கு நாலரை இலட்சம் போக, மிகுதி மாநில மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. அந்த வருமானம் கடனை அடைக்க உதவியது.

இந்த எடுத்துக்காட்டில் கவனிக்கவேண்டியவை இரண்டு. முதலாவது, அந்த ஊராட்சி மின்சாரத்தை வியாபாரப் பொருளாகக் கருதித் தொடங்கவில்லை. ஒவ்வொரு மாதமும் தான் கட்டவேண்டியிருந்த கட்டணச் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கியது. இரண்டாவது, காற்றாலையை ஊரின் நடுவே, வருவோர் போவோர் பார்த்து வியக்கும் இடத்தில் அது நிறுத்தவில்லை. காற்று வளம் மிக்க உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் நிறுத்தியது. பெருமையைப் பார்க்காது காற்றைப் பார்த்தது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு இங்கிலாந்தில் உள்ளது. தேம்ஸ் நதிக்கரையிலுள்ள தறொக் என்னும் உள்ளூராட்சி மன்றம், பெருந்தொகைக் கடன் வாங்கி, அறுநூறு மில்லியன் பவுணுக்கும் கூடிய தொகையை, தன் எல்லைக்கு வெளியே இயங்கிய சூரிய மின்பண்ணைத் தொழிலில் முதலிட்டது. வட்டி வரும், அதைக்கொண்டு மன்றத்தை நடத்தலாம் என்பது எதிர்பார்ப்பு. முதலீடு நட்டத்தில் முடிந்தது. 2022 டிசெம்பரில், தன் செலவுக்கேற்ற வருவாய் இல்லை என்று அம்மன்றம் சட்டப்படி அறிவிக்க நேர்ந்தது. சூரியன் அங்கே பொய்க்கவில்லை. சூரிய மின்சாரமும் பொய்க்கவில்லை. ஊரின் பணத்தை வட்டிக்கு விட்ட கணக்கே பொய்த்தது. அத்தகடுகள் அந்த மன்றத்தின் தெருவிளக்கு ஒன்றுக்குக்கூட நேரடியாக ஒளி கொடுத்தவை அல்ல.

ஓடந்துறைக்கும் தறொக்குக்கும் இடையேயுள்ள வேறுபாடு பண அளவில் மட்டும் உள்ளதன்று. ஒன்று தன் தேவைக்காகச் செலவிட்டது. மற்றொன்று இலாபத்துக்காகச் செலவிட்டது. ஒன்றின் கணக்கை ஊரவர் எவரும் பார்த்து விளங்கிக்கொள்ளலாம். மற்றொன்றின் கணக்கை மன்றத்தின் உறுப்பினர்களே விளங்கிக்கொள்வது கடினமாயிருந்தது.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு கொத்மலைக்குத் திரும்பினால், ஓடந்துறையை அப்படியே பின்பற்ற இயலாது என்பது முதலில் தெரியும். அங்கே ஆற்றுநீரை இயந்திரத்தால் மேலேற்ற வேண்டும். அதற்கே மின்சாரம் மிகுதியாகச் செலவாகும். கொத்மலையிலோ ஊற்றுநீர் மலையிலிருந்து தானாகவே கீழே ஓடி வருகின்றது. ஆகவே சபையின் மின்தேவை பெரும்பாலும் தெருவிளக்கு, அலுவலகம், நூலகம், மருந்தகம், சந்தை என்பவற்றோடு நின்றுவிடும். தேவை சிறிது, எனவே முதலீடும் சிறிதாகவே இருத்தல் வேண்டும்.

சிறிய முதலீட்டில் முதலிடம் பெறவேண்டியது மின்சாரத்தை உண்டாக்குவதன்று, மிச்சப்படுத்துவது. கணக்குக்காக நூறு தெருவிளக்குகளை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் 70 வாற்றுப் பழைய சோடியம் விளக்கு எனின், பன்னிரண்டு மணி நேர இரவொன்றில் நூறும் சேர்ந்து 84 அலகு மின்சாரத்தை உண்ணும். அவற்றை நீக்கி 30 வாற்று எல்.ஈ.டி. விளக்குகளைப் பொருத்தினால் 36 அலகு போதும். இரவுக்கு 48 அலகு மிச்சம். ஆண்டுக்குப் பதினேழாயிரம் அலகுக்கு மேல் மிச்சம். இதே 48 அலகை வெயிலிலிருந்து பெறவேண்டுமாயின் பன்னிரண்டு முதல் பதினான்கு கிலோவாற்றுச் சூரியத் தகடுகள் தேவைப்படும். விளக்கை மாற்றும் செலவு தகடு பதிக்கும் செலவைவிடக் குறைவு. இதில் திறப்பு விழாவுக்கு இடமில்லை. பெயர்ப்பலகை நாட்டவும் வழியில்லை. அதனாலேயே இது பல இடங்களில் பின்னுக்குத் தள்ளப்படுகின்றது. தெருவிளக்கின் மின்சாரத்துக்குரிய விலையை எந்தக் கணக்கேட்டில் எழுதினாலும் இறுதியில் அதைச் செலுத்துபவர் மக்களே என்பதை நினைத்தால், முதலில் செய்யவேண்டிய செலவு இதுவே.

அடுத்தது தண்ணீர். ஒரு வினாடிக்குப் பத்து லீற்றர் தண்ணீர் ஐம்பது மீற்றர் உயரத்திலிருந்து குழாய்வழி இறங்குமாயின், அதில் ஏறத்தாழ ஐந்து கிலோவாற்று வலிமை அடங்கியிருக்கும். சுழலியிலும் மின்னாக்கியிலும் இழப்பதைக் கழித்தால் மூன்று கிலோவாற்றுக் கையில் நிற்கும். மேற்சொன்ன முப்பது வாற்று விளக்குகள் நூறுக்கு அது போதும். மலைச்சரிவில் வரும் குடிநீர்க் குழாய்களில் அழுத்தம் மிகுந்து குழாய் வெடிக்காதிருக்க, இடையிடையே தொட்டி கட்டி அழுத்தத்தைத் தணிப்பது வழக்கம். அங்கே வீணே தணிந்துபோகும் வலிமையை ஒரு சிறு சுழலியால் பெற்றுக்கொண்டு, தண்ணீரை மாசின்றி மீண்டும் குழாயிலேயே விடலாம். இதற்குப் புதிய அணை வேண்டாம். ஓடையை வற்றச் செய்ய வேண்டாம். எவரையும் வீட்டை விட்டு எழுப்ப வேண்டாம். இருமுறை விலை கொடுத்த பள்ளத்தாக்கில் இது சிறிய ஆறுதலன்று.

மூன்றாவது வெயில். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கொத்மலையின் வானம் முகிலால் மூடிக்கிடக்கும். சூரியத் தகட்டின் பயன் அப்போது குறையும். ஆனால் அக்காலத்திலேதான் ஓடைகள் பெருகி ஓடும். ஆண்டின் முதல் மாதங்களில் ஓடை மெலியும்போது வெயில் தெளிவாக எறிக்கும். எனவே நீரும் வெயிலும் இங்கே ஒன்றுக்கொன்று மாற்றாள் போல் முறைவைத்து வேலை செய்யக்கூடியவை. நூலகத்தின் கூரையும் அலுவலகத்தின் கூரையும் பகலில் மின்சாரம் பாவிக்கும் கட்டடங்களின் கூரைகள். பகலில் உண்டாவது பகலிலேயே செலவாகும். 2016இல் தொடங்கப்பட்ட சூரிய பல சங்கிராமய என்னும் திட்டத்தின்பின் கூரை மின்சாரம் நாடெங்கும் பரவியது.

ஆயினும் வெயிலை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கினால் நேர்ந்த தடங்கல் நாடு முழுவதையும் இருளாக்கியது. மின்பாவனை குறைந்த விடுமுறைப் பகலில் சூரிய மின்சாரத்தின் பங்கு கூடியிருந்ததால், அதிர்ச்சியைத் தாங்கும் வலு மின்னமைப்புக்குக் குன்றியிருந்தது. அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு உரிமையாளரிடம் கேட்கவேண்டியும் வந்தது. பகல் வெயிலை இரவுக்குச் சேமிக்கும் மின்கலம் இல்லாமல் தகடுகளை மட்டும் பெருக்குவது, களஞ்சியம் கட்டாமல் கதிர் அறுப்பதை ஒக்கும். ஒரு சபை தன் பாவனைக்கு மிஞ்சிய அளவில் தகடு பதிக்கத் துணியுமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தனை கணக்குகளுக்கும் அப்பால், மலையகத்துக்கே உரிய ஒரு கேள்வி இருக்கின்றது. சபையின் விளக்கு யாருடைய பாதையில் எரியும்? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபையின் நிதியைச் செலவிடுவது நெடுங்காலம் சட்டச் சிக்கலாகவே இருந்தது. தோட்டக் காணிக்கு ஏக்கர் வரி அறவிடச் சட்டம் இடம் கொடுத்தது. தோட்ட மக்கள் வாக்களித்து உறுப்பினரையும் தெரிவு செய்தனர். அந்த உறுப்பினரோ தமக்கு வாக்களித்தவரின் லயன் வாசலில் ஒரு விளக்கைப் பொருத்துவதற்குத் தயங்க வேண்டியிருந்தது. 2018ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டபின் தோட்டங்களிலும் செலவிட வழி திறந்தது. அதே ஆண்டில் நுவரெலியா மாவட்டத்தில் அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய புதிய பிரதேச சபைகளும் இயங்கத் தொடங்கின.

ஆகவே இப்போது பசுமை மின்சாரத்துக்கென ஒதுக்கப்படும் ஒவ்வொரு ரூபாவும் ஒரு சோதனை. அது நகரின் மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றி மட்டும் ஒளி வீசுமா, அல்லது லயனிலிருந்து கழிப்பறைக்குச் செல்லும் படிக்கட்டிலும் விழுமா? அதிகாலை இருளில் பிள்ளையைப் பிள்ளைக்காப்பகத்துக்குத் தூக்கிச் செல்லும் தாய் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் விழுமா? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையும் மண்சரிவும் மலையகத்தை உலுக்கியபோது, பாதைகளும் மின்கம்பிகளும் அறுந்து ஊர்கள் தனித்துப்போயின. அத்தகைய இரவுகளில் மக்கள் கூடித் தங்கும் பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் மின்கலத்தோடு கூடிய ஒரு சிறு சூரியத் தொகுதி இருப்பின், கைத்தொலைபேசி பேசும். மருந்தைக் குளிரில் வைக்கலாம். வானொலியின் எச்சரிக்கையைக் கேட்கலாம். அதன் பெறுமதியை அலகுக் கணக்கால் அளக்க முடியாது.

எனவே, இச்செலவு தகுமா என்று கேட்கும் சபை உறுப்பினர் முன் மூன்று வினாக்களை வைக்கலாம். இச்செலவால் சபையோ மக்களோ கட்டும் எந்தச் சிட்டையின் தொகை குறையும்? ஐந்தாம் ஆண்டில் மின்கலம் செத்தாலோ மின்மாற்று கருவி பழுதானாலோ அதை மாற்றும் பணம் எந்தக் கணக்கில் இருக்கும். மாற்றத் தெரிந்த கை ஊரில் எவருடையது? இவ்வெளிச்சம் இதுவரை இருட்டில் இருந்தவருக்கு எட்டுமா? மூன்றுக்கும் தெளிவான விடை இருந்தால் செலவிடலாம். கடன் வாங்கியும் செலவிடலாம். ஒன்றுக்கேனும் விடை இல்லையெனில், கொடையாகக் கிடைத்தாலும் ஏற்பதற்கு முன் யோசிப்பது நன்று. கொடையாக நாட்டப்பட்டு, மின்கலம் செத்தபின் கம்பமாக மட்டும் நிற்கும் சூரியத் தெருவிளக்குகள் பல ஊர்களில் இதற்குச் சாட்சி சொல்லும்.

இரண்டாவது வினாவே எல்லாவற்றிலும் கடினமானது. தகடு வாங்கப் பணம் எளிதில் கிடைக்கும். பராமரிக்கப் பணம் கேட்டால் யாரும் தருவதில்லை. ஆதலால் கிடைக்கும் மிச்சத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் தனிக் கணக்கில் இட்டு, வேறெதற்கும் அதைத் தொடாதிருக்கச் சபை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அக்கணக்கை மாதமொருமுறை சபை வாயிலில் ஒட்டவேண்டும். தோட்டத்து இளைஞர் சிலருக்கு இக்கருவிகளைப் பழுதுபார்க்கும் பயிற்சி கொடுத்தால், ஊருக்குத் தொழிலும் கிடைக்கும், விளக்கும் அணையாது. முன்னாளில் நகர சபைகள் தவறிய இடம் இதுவே. தோட்டச் சுழலிகள் துருப்பிடித்த இடமும் இதுவே.

மின்சாரம் உண்டாக்குவது நாட்டின் பொறுப்பு என்னும் வாதத்துக்கும் இதிலேயே விடை உண்டு. 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவது இலங்கையின் கொள்கை. அந்த எழுபது வீதத்தைக் கொத்மலைப் பிரதேச சபை உண்டாக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. அதன் மலையும் ஆறும் தம் பங்குக்கு மேலேயே கொடுத்துவிட்டன. சபை செய்யவேண்டியது தன் மக்களின் செலவைக் குறைப்பதும், அவர்களுடைய பாதையில் விளக்கு வைப்பதுமே. அந்த அளவில் நின்று, கணக்கோடு செய்யப்படும் செலவு தகுந்த செலவே.

அடுத்த வறட்சியிலும் கொத்மலை நீர்த்தேக்கம் தாழ்ந்தால், கடதொர விகாரையின் தூண்கள் மீண்டும் வெளியே தெரியும். அவற்றைப் பார்க்க வரும் பிள்ளைகள், இவ்வளவையும் கொடுத்து நம் ஊர் பெற்றது என்ன என்று பெரியோரைக் கேட்பர். பெரிய அணைக்கட்டைக் காட்டி அதற்கு விடை சொல்லிவிட முடியாது. மாலையில் வீடு திரும்பும் வழியில், லயன் படிக்கட்டின் மேல் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்குமாயின், அது ஓரளவு விடையாக அமையும்.